அரை அடி குறைந்த நிலை

நாங்கள் வீடு கட்டத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். என் அக்கா யாருடைய கையையும் எதிர்பாராமல் தன் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். திரும்பி உள்ளே வரவும் வேண்டும்.

அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரு கால்களும் செயலற்றுப் போயின. நான் சொல்லும் காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லிக்கொடுத்துவந்தாள். பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னால் மூன்று படிகள். உள்ளே அறைக்கு அறை ஒரு கதவு நிலை, ஒவ்வொரு நிலையின் அடியிலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஒரு கட்டை. மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய சக்கர நாற்காலி முன்னறையைத் தாண்டியதே இல்லை. தெருவில் நிற்கும் மூன்று சக்கர வண்டிவரை அப்பாதான் அவளைத் தூக்கிக்கொண்டு போவார். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் கைப்பிடியைச் சுற்றி முருகன்குறிச்சிவரைகூட அவளே போய்விடுவாள். அந்த மூன்று படிகளை மட்டும் அவளால் கடக்க முடியாது.

ஒரு கார்த்திகை மழையில், ஈரப் படியில் அப்பாவின் கால் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. மறுநாள் காலையில் அக்கா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பாடம் நடத்தும் குரலில் கேட்டாள்.

"அப்பா, ஒங்களுக்கு ஐம்பத்தேழு, எனக்கு முப்பத்துமூணு. இன்னும் பத்து வருசத்துல யார யாரு தூக்குதது?"

அடுத்த வாரம் அப்பா அலுவலகத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார்.

அந்நாளில் எங்கள் ஊரில் வீடு கட்டுவதென்றால், நம்பிக்கையான ஒரு கொத்தனாரைப் பிடித்து, குடும்பத்தில் ஒருவர் வெயிலில் குடையோடு நின்று மேற்பார்வை பார்ப்பதுதான் வழக்கம். அப்பாவுக்கு அவ்வளவு விடுப்பு கிடையாது. நான் பட்டப்படிப்பை முடித்து வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். ஆனால் செங்கலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அஸ்திவாரம் தொடங்கிச் சாவி வரைக்கும் எல்லாவற்றையும் தாங்களே முடித்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் அப்போதுதான் நெல்லைக்கு வந்திருந்தன. பெரியப்பா எச்சரித்தார்: "ஏலே, கம்பெனிக்காரன்ட்ட குடுத்தா நாளைக்கு யார்ட்டல போய்க் கேப்ப? கொத்தனார்னா வீடு தெரியும், சட்டையப் புடிக்கலாம்." அப்பா சிரித்துக்கொண்டே, "கம்பெனின்னா எழுத்துல இருக்கும்லா" என்றார். எழுத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது.

நிறுவனத்தின் அலுவலகம் நெல்லை ஜங்ஷனில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. அக்காவால் ஏற முடியாதாகையால் அப்பாவும் நானும் போனோம். இஞ்சினீயர் சென்னைப் பக்கத்து இளைஞர், மிகவும் மரியாதையானவர். அக்கா கட்டம் போட்ட தாளில் தன் கையாலேயே வரைந்துகொடுத்த படத்தை அவர் முன் விரித்தேன். அவள் கேட்டிருந்தவை மூன்று. வாசலில் படிக்குப் பதிலாகப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி மட்டுமே உயரும் சரிவு. தலைவாசல் நிலை வெளி அளவில் மூன்றரை அடி. மரம் போக முப்பத்துநான்கு அங்குலம் திறந்திருக்கும். மூன்றாவதாக, நிலையின் அடிக்கட்டை தரைக்கு மேல் துருத்தக் கூடாது.

மூன்றாவதற்காக வீட்டில் ஒரு வாரம் வழக்கு நடந்திருந்தது. அடிக்கட்டையே வேண்டாம் என்பதுதான் அக்காவின் முதல் எண்ணம். அம்மா கொதித்துப்போனாள். "கீழ்க்கட்ட இல்லாத நிலையா? மஞ்சள எங்க பூச, கோலத்த எங்க முடிக்க? லட்சுமி வந்தா எதத் தாண்டி வருவா?"

"லட்சுமிக்குக் காலு இருக்கு, தாண்டிருவா. எனக்குல்லா இல்ல" என்றாள் அக்கா.

அம்மா அன்று சாப்பிடவில்லை. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கட்டை இருக்கும், ஆனால் அதன் மேற்பரப்பு தரையோடு சமமாகும்படி பதித்துவிட வேண்டும். மஞ்சளுக்கு மஞ்சளும் ஆயிற்று, சக்கரத்துக்கு வழியும் ஆயிற்று.

இஞ்சினீயர் எல்லாவற்றையும் கேட்டு, மேசைமேல் இருந்த நிறுவனத்தின் வரைபடத்தில் பென்சிலால் அங்கங்கே திருத்தி எழுதினார். "எல்லாம் பண்ணிடலாம் மேடம், கவலையே படாதீங்க" என்றார்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் பதினோரு பக்கம் வந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன். கடினமான சொற்களுக்கு அகராதி பார்த்து அப்பாவுக்குப் பொருள் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இணைக்கப்பட்டுள்ள வரைபடத்தின்படி வேலை நடக்கும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரைபடம் கடைசிப் பக்கத்தின் பின்னால் நான்காக மடித்துக் குத்தப்பட்டிருந்தது. அதை மட்டும் நான் விரித்துப் பார்க்கவில்லை. பென்சில் எழுத்து எதுவும் இல்லாத புதுப் பிரதி அது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தவற்றை நிறுவனத்தின் மேல் மட்டும் சுமத்த எனக்கு உரிமை இல்லை.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் நிலை வைப்பதென்று முடிவாயிற்று. நல்ல நேரம் பத்தேகால் மணியோடு முடிகிறது. மனை முழுக்க ஜல்லியும் ஆற்று மணலும் குவிந்துகிடந்ததால் அக்காவின் வண்டி அங்கே வர வழியில்லை. யாருக்காக அந்த வாசலோ அவள் வீட்டில் இருந்தாள். நாங்கள் எல்லாரும் வாசலைச் சுற்றி நின்றோம். அப்போது அது எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய நிலை, பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் லாரியில் வந்து இறங்கியது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிறுவனத்தின் ஆசாரி வேர்வையோடு நிலையைச் சாய்த்து நிறுத்தினார். பார்த்த கணமே அது ஒடுக்கமாக எனக்குப் பட்டது. என் பையில் டேப் இருந்தது. கை அதைத் தொட்டும்விட்டது. அப்போது அம்மா என்னைப் பார்த்தாள். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மங்கலப் பொருளை அளந்து குறை சொல்பவள் தன் மகளா என்று அந்தப் பார்வை கேட்டது. டேப்பை விட்டுவிட்டேன். என்னைப் போல நூறு பேர் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் விட்டிருப்பார்கள் என்பதை இன்று ஓர் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ள நான் விரும்பவில்லை.

அடியில் நவதானியம் தூவினார்கள். அம்மா தன் பழைய கம்மலிலிருந்து கிள்ளிய ஒரு துணுக்குத் தங்கத்தை மஞ்சள் துணியில் முடிந்து குழிக்குள் வைத்தாள். நிலை ஏறியது. சந்தனம், குங்குமம், மாவிலை, பால். எல்லாரும் வடை சாப்பிட்டுக் கலைந்த பிறகு நான் அளந்தேன். வெளி அளவு மூன்று அடி. இருபுறமும் நான்கு நான்கு அங்குல மரம் போக, வழி இருபத்தெட்டு அங்குலம். அடிக்கட்டையும் தரைமட்டத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது.

"என்ன ஆசாரி, மூணரை அடில்லா சொல்லியிருந்தோம்?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "நான் என்னம்மா செய்யட்டும்? குடோன்ல மொத்தமா அடிச்சு அடுக்கியிருக்கு, எல்லா சைட்டுக்கும் மூணடிதான். ஏத்திவிட்டாங்க, கொண்டாந்தேன். கட்டையப் பதிக்கணும்னு எங்கிட்ட யாரும் சொல்லல்ல."

அவர் பொய் சொல்லவில்லை என்று முகம் சொன்னது.

மறுநாள் முதல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நிறுவனத்துக்குப் பேசினேன். இஞ்சினீயர் வள்ளியூர் சைட்டில் இருந்தார். அதற்கடுத்த நாளும் வள்ளியூர். நாலாம் நாள் கூடங்குளம் பக்கம் யாருக்கோ அஸ்திவாரம். இதற்கிடையே நிலையின் இருபுறமும் செங்கல் வரிசை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வரிசையும் எங்கள் வாதத்தைப் பலவீனமாக்கும் என்று எனக்குப் புரிந்தது. தினமும் காலை ஏழு மணிக்கே மனைக்குப் போய்விடுவேன். "அண்ணாச்சி, பின்சுவர மொதல்ல ஏத்துங்களேன்" என்று நிறுவனத்தின் கொத்தனாரிடம் கேட்டேன். ஒரு கேள்வியும் கேட்காமல் ஆட்களைப் பின்பக்கம் திருப்பிவிட்டார். முன்சுவர் இடுப்பளவோடு நின்றது.

ஒன்பதாம் நாள் இஞ்சினீயர் வந்தார். நான் அளந்துகாட்டினேன். அவர் மறுக்கவில்லை.

"உங்க சேரோட அகலம் எவ்ளோ மேடம்?"

"இருபத்தஞ்சு."

"அப்ப தாராளமா போகுமே. அடிக்கட்டைக்கு ரெண்டு பக்கமும் பலகை அடிச்சுத் தர்றோம். யாராவது லேசா தள்ளிவிட்டா போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதோட, பூஜை போட்ட நிலையை எடுக்கிறது நல்லதா, சொல்லுங்க? எங்களுக்கு ஒண்ணுமில்ல. அம்மா மனசு என்ன பாடுபடும்?"

இந்தச் சாத்திரங்களில் அவருக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை என்பது அவர் செருப்புக் காலோடு நிலையை மிதித்து நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார்.

அன்று வீட்டில் அப்பாதான் பேசினார். "இருந்துட்டுப் போட்டும்மா. நான் தள்ளிவிடுதேன். தூக்குததுக்குத் தள்ளுதது லேசுதான?"

அதைப் பெருந்தன்மை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நிலையை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வேலை தாமதமாகும். புரட்டாசியில் நிலை வைக்க மாட்டார்கள். ஐப்பசியில் வைத்தால் மழை. வாடகை வீட்டில் இன்னும் சில மாதம். அதற்குப் பின் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எப்போது காய்ச்சல் வந்தாலும், பிடுங்கிய நிலையைத்தான் அம்மா நினைப்பாள். தவறு குடோனில் நடந்தது, ஆனால் கூலியைப் பிடிப்பது ஆசாரியிடமாக இருக்கும். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எதிர்ப்பக்கம் எழுதினேன். ஒரே வரிதான் வந்தது: அக்காவைத் தள்ள ஒருவர் வேண்டும், அவள் வாழும் காலம் முழுக்க.

தாளை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக்கொடுத்தாள்.

"ஏட்டி, நீங்கள்லாம் பாத்துட்டீங்க. நான் இன்னும் அந்த நிலையப் பாக்கவே இல்லியே. அந்த இஞ்சினீயரையும் பாக்கணும்."

"ஆபீசு மாடில இருக்குக்கா."

"அவருக்குக் காலு இருக்குல்லா? எறங்கி வரட்டும்."

மறுநாள் பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் வழியாக ஜங்ஷன் வரை அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். பேருந்துகள் உரசிக்கொண்டு போயின. அலுவலகக் கட்டடத்தின் வாசலில், மாடிப்படிக்கு நேர் முன்னால் வண்டியை நிறுத்தினாள். ஏறி இறங்குகிற ஒவ்வொருவரும் அவளைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. நான் மேலே போய்ச் சொன்னேன். கால் மணி நேரம் ஆயிற்று. கீழே டீக்கடையில் நின்றவர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"யாரத் தேடுதீங்கம்மா?"

"வீடு கட்டித் தாரவரத் தேடுதோம் அண்ணாச்சி. வாசல் வைக்க மறந்துட்டாரு."

அவர்கள் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டிருக்க வேண்டும். இஞ்சினீயர் இறங்கி வந்தார். அக்கா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "ஞாயித்துக்கிழம காலைல நீங்க சைட்டுக்கு வரணும். நான் நாற்காலியோட வாரேன். நீங்க சொன்னது சரியா இருந்தா அந்த நிலை அப்படியே இருக்கட்டும்" என்றாள். அந்த நியாயத்துக்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜல்லியை ஒதுக்கிப் பாதை செய்யக் கொத்தனார் ஆளோடு வந்திருந்தார். நாற்காலியை ஆட்டோவில் கொண்டுபோனோம். அம்மா வரமாட்டேன் என்றவள், கடைசி நிமிடத்தில் சேலையை மாற்றிக்கொண்டு ஏறினாள். ஆசாரி அடிக்கட்டையின் இருபுறமும் பலகை சாய்த்துவைத்திருந்தார்.

இஞ்சினீயரே நாற்காலியின் பின்னால் நின்று தள்ளினார். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலி பலகையில் ஏறி, நிலையைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

"பாத்தீங்களா சார், ஈசியா போயிடுச்சே" என்றார் அப்பாவிடம். அப்பாவின் முகத்தில் நிம்மதி தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

"இப்ப நானா வாரேன். யாரும் தொடாதீங்க" என்றாள் அக்கா.

சக்கரங்களின் விளிம்பைப் பற்றிச் சுழற்றினாள். பலகையில் பாதி ஏறியபோது இரண்டு கைகளின் விரல் முட்டிகளும் நிலைக்கால்களில் மோதின. கையை எடுத்தால் நாற்காலி பின்னால் உருண்டது. எடுக்காவிட்டால் மரம் தோலை உரித்தது. மறுபடி வந்தாள். மறுபடியும் உருண்டது. மூன்றாம் முறை, முட்டிகள் மரத்தில் தேய்ந்துகொண்டிருக்கும்போதே அங்கேயே நிறுத்தி, நிலைக்கு நடுவில் இருந்தபடி பேசினாள்.

"நாற்காலி நுழையுது சார். கை நுழையல்ல. தள்ளுததுக்கு ஒரு ஆள் வேணும்னா நாங்க வாடக வீட்டுலயே இருந்திருப்போமே. அங்க எங்கப்பா நல்லாவே தூக்குதாரு."

இஞ்சினீயர் பழக்கமான வழியில் திரும்பினார். "எங்களுக்கு ஆட்சேபணை இல்ல மேடம். பூஜை போட்ட நிலை... பெரியவங்க, அம்மாதான் சொல்லணும்."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா நிலையைப் பார்க்கவில்லை. அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையின் விரல் முட்டியில் மஞ்சள் ஒட்டியிருந்தது, அம்மாவே நிலைக்குப் பூசிய மஞ்சள். அதன் அடியில் தோல் சிவந்திருந்தது. அம்மா நடந்துபோய்க் காய்ந்துபோன மாவிலைக் கொத்தை அவிழ்த்தாள். அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வீட்டுக்குத்தான் பூச பண்ணினோம். இவ வரமுடியாதது எனக்கு வீடு இல்ல. எடுத்துருங்க ஆசாரி. தோசம் வந்தா எனக்கு வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்."

ஆசாரி தயங்கினார். "நீங்க சொன்னா எடுத்துருவேன் தாயி. ஆனா கம்பெனில ஏங் கூலியப் புடிச்சிருவாங்களே."

அந்த இடத்தில்தான் நான் வாய் திறந்தேன். கைப்பையில் இருந்த வரைபடப் பிரதியை இஞ்சினீயரிடம் நீட்டினேன். நிலை வெளி அளவு மூன்றரை அடி, கட்டை தரைமட்டத்தில், சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று, மாற்றும் வேலைக்காக எந்தத் தொழிலாளியிடமும் பிடித்தம் கிடையாது. இவற்றை அதன் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"பேனா" என்று என்னுடையதைக் கொடுத்தேன்.

எழுதினார். அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து ஊர்களில் ஐந்து வீடுகளை ஒரே அளவில் முடித்துக்கொடுக்கும்படி அவருக்கு மேலே இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீடு அந்த அளவுக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

நான் தாளில் எழுதியிருந்தவை ஏறக்குறைய எல்லாமே நடந்தன. புரட்டாசி முழுக்க முன்சுவர் இடுப்பளவில் நின்றது. ஐப்பசி மழையில் சிமென்ட் மூட்டைகளில் சில கட்டியாயின. ஆசாரியின் கூலியைப் பிடிக்கத்தான் பார்த்தார்கள். அந்தத் தாளோடு அப்பா நேரில் போன பிறகு விட்டார்கள். எடுத்த நிலை எங்கே போயிற்று என்று ஒருநாள் ஆசாரியிடம் கேட்டேன். "மஞ்சளக் கழுவி வள்ளியூர் சைட்டுல வச்சாச்சு" என்றார் சாதாரணமாக. பூஜை போட்ட நிலையை எடுக்கக் கூடாது என்றவர்கள்தான் அதை வேறொருவர் வாசலில் நட்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். முகவரி கேட்டு வாங்கவில்லை. அது என்னோடு தங்கிவிட்ட குறை.

புது நிலை வைத்த அன்று மழை சற்று விட்டிருந்தது. அக்கா பலகைப் பாதையில் வந்து குடையின் கீழ் நாற்காலியில் இருந்தாள். நல்ல நேரம் தொடங்குவதற்கு அரை மணி முன்பே நிலை வந்து சேர்ந்தது. ஐயர் தாம்பாளத்தை எடுத்தபோது, "செத்த இருங்க சாமி" என்ற அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். நான் டேப்பைக் கொடுத்தேன். அவளுக்கு எண்களைப் படிக்க வராது. ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை அக்கா பிடித்து வாசித்தாள். "முப்பத்துநாலு." அதன் பிறகுதான் மஞ்சள் வந்தது. முந்தைய குழியிலிருந்து கொத்தனார் தேடி எடுத்துக்கொடுத்த அந்தத் தங்கத் துணுக்கையே அம்மா மறுபடி உள்ளே வைத்தாள்.

தையில் குடிபோனோம். பால் காய்ச்சும் முன், அக்கா தெருவிலிருந்து சரிவில் ஏறி வந்தாள். பன்னிரண்டு அடி ஏறுவது எளிதாக இல்லை. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். அப்பா பழக்கத்தில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

"தள்ளி நில்லுங்கப்பா, வழில நிக்கீங்க" என்றாள்.

அப்பா தள்ளி நின்றார்.